புதன்கிழமை மீட்டிங்குக்கு நீ வராதே

ஷாமினி,

முதலில் சாப்பிடு. அதன் பிறகு இதைப் படி. இடது கையில் போனும் வலது கையில் சோறுமாகப் படிக்கிற சங்கதி இல்லை இது. நேற்று மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவுக்குக் கிளம்பிப் போன பிறகு, டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே "அடுத்த வருஷம் பாக்கலாம் லா மா, இப்ப என்ன அவசரம்" என்று சொன்னாயே, அப்போதே உன்னிடம் பேசியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மீன்காரனிலிருந்து வீட்டுவசதி ஆபீஸ்காரர் வரைக்கும் எல்லாரிடமும் சண்டை போடத் தெரிந்த எனக்கு, பெற்ற மகளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் காகிதம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள் என்றாலும் தமிழ்ப் பத்திரிகையை ஒரு நாள் விடாமல் படிக்கிறவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

நீ கல்யாணத்தைத் தள்ளிப் போடுவது இது மூன்றாவது முறை. முதல் முறை, அங்கே வீடு கிடைக்கவில்லை என்றாய். இரண்டாவது முறை, ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்றாய். நேற்றுத்தான் உண்மை வெளியே வந்தது. "நான் ஈப்போ போயிட்டா மாசாமாசம் திவா மீட்டிங்ல யாரும்மா உக்காருவா? அவங்க சொல்றத உனக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டாய். பிரகாஷ் நல்ல பையன். இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறான், ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை. ஆனால் நான் அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் முன்னால் அடுத்த வருஷம் என்று நீ சொன்னதும் அந்த அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாலாவது முறை அவர் ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறி வர மாட்டார். அந்தக் கல்யாணம் இப்போது நடக்காவிட்டால் நடக்கவே நடக்காது, அது உனக்கும் தெரியும்.

தம்பி திவாவுக்காகத்தான் இதெல்லாம் செய்கிறாய் என்று நான் இத்தனை நாள் பெருமையாக நினைத்திருந்தேன். கேட்கிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு மாதிரி யாருக்கும் வராது" என்று பீற்றிக்கொண்டேன். போன மாதம்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேராக அங்கே போக எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பழைய கதை பேசிவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்.

உனக்கு அப்போது ஒன்பது வயது, திவாவுக்கு நான்கு. உன் பள்ளிக்கூட கேண்டீனில்தான் நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். திவா குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். தண்ணீர் ஓடுகிற வரைக்கும் அவனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. புதன்கிழமை பள்ளி விடுகிற மணி அடித்ததும் நீ பையைத் தூக்கிக்கொண்டு கேண்டீன் பின்பக்கம் ஓடி வருவாய். சீருடைக்கு மேலேயே வேறு சட்டையை மாட்டிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தை உன் கையில் திணித்து, மூன்று பேருமாக மெயின் ரோட்டுக்கு ஓடுவோம். நம் தம்போயிலிருந்து ஸ்கூடாய்க்கு ஒரு பஸ். பேச்சு வராத திவாவுக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையம் அதற்கும் அப்பால் ஒரு தாமானில், குடியிருப்புக்குள்ளே கடைவீட்டு மாடியில் இருந்தது. அந்தத் தாமானுக்குள் போக இன்னொரு பஸ் உண்டு என்று நிறுத்தத்தில் போர்டு மட்டும் இருந்தது. பஸ்ஸை நான் இரண்டு தடவைக்கு மேல் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் வெயிலில் நடை. நீ முன்னால், திவா நடுவில், நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு.

பஸ் கதவு திறக்கும்போது வருமே அந்த 'உஸ்' சத்தம், அது திவாவுக்கு ஆகாது. படியிலேயே படுத்துக்கொண்டு கத்துவான். ஒரு நாள் டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று மலாயில் என்னைப் பிடித்துக் கத்தினார். பஸ் முழுக்க நம்மைப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ சோற்றுக் கையோடு முன்னால் போய், "பாக்சிக், அடிக் சாயா தாக்குட் புன்யி. புக்கான் நாக்கால்" என்றாய். என் தம்பிக்குச் சத்தம் பயம், அவன் சேட்டைக்காரன் இல்லை என்று. அந்த மனுஷன் உன்னையே பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து நம்மைத் தூரத்தில் கண்டதுமே கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார். நாம் ஏறிய பிறகு, "டூடோக்? ஓகே?", உட்கார்ந்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவர் பெயரைக்கூட நாம் கேட்டு வைக்கவில்லை பார்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போகிறவர், திரும்பி வரும்போது உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஒரே ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு "இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன், ராஜா மாதிரி போலாம்" என்றார். அந்த ஒரு மோட்டார் சைக்கிளில் நாலு பேர்! திவா பெட்ரோல் டாங்கின்மேல், நீ நடுவில், நான் பின்னால் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. சிக்னலில் நின்ற ஒரு சீனக் கிழவர் நம்மைப் பார்த்து "அலமாக்!" என்று வாய்விட்டுச் சொன்னார். திவா அன்றைக்கு வழி முழுக்கச் சிரித்தான். காற்றுப் பட்டால் அவன் சிரிப்பான் என்பது அன்றுதான் நமக்குத் தெரிந்தது. திரும்பும்போது கொட்டித் தீர்த்த மழையில் நனைந்து, அடுத்த நாள் நாலு பேருக்கும் காய்ச்சல். அதற்குப் பிறகு அப்பா ராஜா பேச்சை எடுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் கீழே இருந்த கடையில் ஓர் ஐஸ் கச்சாங் வாங்குவோம். ஒரே மங்குக் கிண்ணம், மூன்று கரண்டி. சிவப்புச் சாயம் பட்ட ஐஸ் மட்டும் திவாவுக்கு. கச்சான் கடலையும் ஜெல்லியும் உனக்கு. கரைந்து போன தண்ணீர் எனக்கு, "அம்மாவுக்கு அதான் பிடிக்கும்" என்று நீயே முடிவு பண்ணிவிட்டாய். இப்போதும் அந்தப் பக்கம் போனால் அந்தக் கடை இருந்த இடத்தைப் பார்ப்பேன். இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள். எவ்வளவு கஷ்டப்பட்டோம் என்று எல்லாரிடமும் சொல்கிறேனே தவிர, உண்மையைச் சொன்னால் என் ஆயுசில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்தப் புதன்கிழமைகளில்தான். என் பிள்ளைகள் இரண்டு பேரும் என் இரண்டு கைக்குள் இருந்தார்கள்.

சரி, இப்போது அந்த மாடி அறைக்கு வருகிறேன்.

முதல் நாள். நீலப் பாய், சுவரெல்லாம் படங்கள். டீச்சர் ஓர் இளம் சீனப் பெண், கனிவான முகம். திவாவோடு ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு நம்மை உட்காரவைத்து, அதையெல்லாம் மலாயில் சொல்ல வராமல் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். பத்து நிமிஷமாவது பேசியிருப்பார். நீ அசையாமல் கேட்டாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மா, திவாகிட்ட இனிமே தமிழ்ல பேசக்கூடாதாம். ஒரே பாஷதான் பேசணுமாம். இங்கிலீஷ்தான்" என்றாய்.

"இம்புட்டு நேரம் பேசுனதுக்கு இவ்ளோதானா?"

"அவ்ளோதான் மா."

டீச்சர் என்னைப் பார்த்து மலாயில், "ஃபஹாம், புவான்?" என்று கேட்டார், புரிந்ததா என்று. நான் பலமாகத் தலையை ஆட்டி, "ஃபஹாம், ஃபஹாம், தேங்க் யூ டீச்சர்" என்றேன். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. டாக்டர், டீச்சர், அரசாங்க ஆபீசர், யார் முன்னால் உட்கார்ந்தாலும் நம் தலை தானாக ஆடும். திருப்பிக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று எவனோ சின்ன வயசில் நமக்குச் சொல்லி வைத்துவிட்டான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எவ்வளவு? கம், சிட், ஈட், நோ, ஃபினிஷ், குட் பாய். இன்னும் நாலைந்து இருக்கலாம். அன்றிலிருந்து பெற்ற மகனிடம் நான் பேசியது அவ்வளவுதான். அதுவரைக்கும் அவனைக் குளிப்பாட்டும்போது "என் கருவாட்டுக் கொழம்பே, என் சக்கரக் கட்டியே" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கொஞ்சுவேன். அதை நிறுத்தினேன். தண்ணீர் ஊற்றுவேன், "ஃபினிஷ்" என்பேன், துவட்டுவேன். அடுப்படியில் நின்று கறிச்சட்டியோடு தமிழ் பேசினேன். ஒரு முறை மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தான். அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எங்கேடா வலிக்குது என்று இங்கிலீஷில் கேட்க எனக்குத் தெரியவில்லை. தமிழில் கேட்டுவிட்டால் அவனுக்குப் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பயம். அப்படியே ஆறு வருஷம், ஷாமினி.

பிறகு நீ பதினைந்து வயசில் ஃபார்ம் த்ரீ படிக்கும்போது ஒரு நாள். திவாவின் பைலை உன்னிடம் கொடுத்து, கீழே கடையில் நகல் எடுத்து வரச் சொன்னார்கள். நீ போனாய், வர வெகு நேரமாயிற்று. திரும்பி வந்தவள் பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வீட்டுப் படியேறும்போதுதான், முகத்தைக் காட்டாமல், "மா, ரூல் மாத்திட்டாங்க. இனிமே தமிழ்லயே பேசலாமாம். நல்லா நெறைய பேசணுமாம்" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. பையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டுத் திவாவைப் பிடித்து உட்காரவைத்துப் பேசினேன், பேசினேன், பக்கத்து வீட்டம்மா என்ன ஆச்சு என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பேசினேன். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாய். பரீட்சை பயம் என்று நினைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு போன மாதம் வரைக்கும் நீ ஒரு மீட்டிங்கையும் விட்டதில்லை. மேற்படிப்புக்கு வடக்கே இடம் கிடைத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்கூடாயிலேயே படித்தாய். கூடப் படித்தவர்களெல்லாம் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனபோது, சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டாய், தினமும் வீடு திரும்பலாம் என்று. இந்தப் பிள்ளைக்குத் தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று நான் பூரித்துப் போனேன். எனக்கு மூளை இருந்திருந்தால் அப்போதே கேட்டிருப்பேன்.

போன மாதம் பாலத்தில் ஜாம். நீ போன் செய்து, "மா, மீட்டிங்க வேற நாளுக்கு மாத்தச் சொல்றேன்" என்றாய். நான்தான், வேண்டாம், நாங்களே போய்க்கொள்கிறோம் என்றேன். திவா தன் போனில் கார் புக் பண்ணினான். டிரைவர் வழி மாறித் திரும்பியதும் "ரோங் வே, ரோங் வே" என்று அவரைப் பிடித்துக்கொண்டான். பாவம், அந்த மலாய்க்காரப் பையன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினான். நிலையத்தில் முன் மேசைப் பெண் நிரப்பச் சொல்லி ஒரு பாரத்தை நீட்டினாள். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, பைலில் இருந்த பழைய பாரங்களை எடுத்துக் காட்டினாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று ஒரு கேள்வியாம். வருஷா வருஷம் உன் கையெழுத்தில் 'தேவையில்லை'. அன்றைக்கு வேறொரு குடும்பத்துக்கு மொழிபெயர்க்க ஓர் அம்மா வந்திருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், சிலோன்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அவரை என்னோடு உட்காரச் சொல்லலாமா என்று அந்தப் பெண் மலாயில் கேட்டாள். சரி என்றேன்.

உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்னார்: "நான் உங்களுக்குப் புத்தி சொல்ல வரேல்ல. அவை சொல்லுறதை ஒண்டும் விடாமல் சொல்லுவன். நீங்கள் சொல்லுறதையும் அப்பிடியே சொல்லுவன். விளங்காட்டி என்னை நிப்பாட்டுங்கோ." முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்கிறாரே, நீ சொல்வது மாதிரி இரண்டு வரியில் முடிக்கத் தெரியாதா என்று. ஆனால் பத்து நிமிஷத்தில் ஒன்று புரிந்தது. இத்தனை வருஷத்தில் அந்த அறையில் என் மகனைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறார்கள்! அவன் எதைக் கண்டு பயப்படுகிறான், எதில் கெட்டிக்காரன், யாருக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று. ஷாமினி, மூன்று தடவை நான் அவரை நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பெரிய டீச்சர் திவா எவ்வளவு முன்னேறியிருக்கிறான் என்று காட்டுவதற்காகப் பழைய பைலின் முதல் தாளை எடுத்து வாசித்தார். நர்ஸம்மா அதைத் தமிழில் சொன்னார்: "முதல் நாள் குறிப்பில இருக்கு. தாய் வீட்டில தமிழிலேயே நல்லாக் கதைக்கவேணும். தாயின்ர பேச்சுத்தான் பிள்ளைக்கு உதவி. ஒரு சாமானுக்கு ஒரே சொல்லைப் பாவிக்கவேணும், நாளுக்கு ஒரு சொல் சொல்லக்கூடாது எண்டு."

"எந்த நாளு?" என்று கேட்டேன். முதல் நாள் என்றார். திரும்பவும் கேட்டேன். அதே பதில்தான். எழுந்து போய்க் கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ரூல் எப்போதும் மாறவே இல்லை. அப்படி ஒரு ரூலே இருந்ததில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். திரும்பி வருகிற காரில் ஸ்கூடாய் தாண்டுகிற வரைக்கும் உன்மேல் கோபமாகவே இருந்தேன். தம்போய் வருவதற்குள் அது என் பக்கம் திரும்பிவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளை. இங்கிலீஷ் பாடத்தில் 'ஏ' வாங்கினாய் என்பதற்காக உனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் முடிவு பண்ணினேன். போகிற பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பொம்பளையிடம், "எம் பொண்ணு இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவா" என்று உன் காதுபடச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினால், "இம்புட்டு படிச்சு என்னாத்துக்கு?" என்று முறைத்தேன். புரியவில்லை மா என்று சொல்ல உனக்கு நான் எந்த வழியும் வைக்கவில்லை. உன் காதில் விழுந்த நாலைந்து வார்த்தையை வைத்து ஒன்றைக் கட்டிச் சொன்னாய். ஆறு வருஷம் கழித்து அந்த நகல் கடையில் நின்று படித்துப் பார்த்துவிட்டு, என்ன செய்துவிட்டோம் என்று உனக்குத் தெரிந்தபோது, பதினைந்து வயசில், அதை நீ யாரிடம் சொல்லியிருப்பாய்? என்னிடமா? நான் பேயாட்டம் ஆடியிருப்பேன்.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய ஒன்று இருக்கிறது. உனக்கு அது தெரியாது. அதைச் சொல்லாமல் 'உன்மேல் தப்பில்லை' என்று நான் ஆயிரம் தரம் எழுதினாலும் நீ நம்ப மாட்டாய்.

அந்த முதல் நாள், டீச்சர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், நீ திவாவைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாய். அப்போது டீச்சர் மலாயில் என்னிடம் ஒன்று கேட்டார். மெதுவாக, நன்றாகப் புரிகிற மாதிரி கேட்டார். தமிழ் பேசுகிற பெரியவர் ஒருவர் எங்களுக்கு உதவி செய்ய வருகிறார், வேண்டுமானால் அடுத்த வாரம் அவரை வைத்துக்கொண்டு பேசலாமா என்று. நான், "தக் பாயா. அனாக் சாயா அட" என்றேன். வேண்டாம், என் பிள்ளை இருக்கிறாள். சின்னப் பிள்ளையாயிற்றே என்று அவர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் தக் பாயா என்றேன்.

ஏன் தெரியுமா? தமிழ் ஆள் வந்தால் நம் ஆள். நம் ஆளுக்குத் தெரிந்தால் கோயிலில் தெரியும், கோயிலில் தெரிந்தால் தம்போய் முழுக்கத் தெரியும். அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூளை சரியில்லையாம் என்பார்கள். நாளைக்கு உன்னைப் பெண் கேட்டு எவன் வருவான்? சீனப் பெண்ணுக்குத் தெரியலாம், மலாய் டாக்டருக்குத் தெரியலாம், பஸ்ஸில் போகிற வருகிற எல்லாருக்கும் தெரியலாம். நம் ஆளுக்கு மட்டும் தெரியக்கூடாது. உன் கல்யாணம் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் அந்த மனுஷரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்பது வயசுப் பிள்ளையை அந்த இடத்தில் உட்காரவைத்தேன். இப்போது அதே காரணத்தால் உன் கல்யாணம் மூன்று தடவை தள்ளிப் போயிருக்கிறது. செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்னை.

திவாவின் ஆறு வருஷத்தை எடுத்தது நான். நீ இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்கிறேன். இன்றைக்கே மன்னித்தாக வேண்டும் என்று அவசரமில்லை. கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு கோபப்படு.

புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அம்மாவாயிற்றே, ஒன்றிரண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. போகிற வீட்டில் எதற்கும் சும்மா தலையாட்டாதே. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல், அசடு என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால் பெரியவர்கள் பேச்சை அதுகள் தலையில் ஏற்றாதே, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் சரி. பிரகாஷிடம் இந்தக் கதை முழுவதையும் சொல். மூடி வைத்து நான் கண்டது போதும்.

புதன்கிழமை மீட்டிங்குக்கு நீ வராதே. பாரத்தில் இந்த முறை நானே தேவை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், நர்ஸம்மா வருவதாக ஒத்துக்கொண்டார். போக வர கார் திவாவின் பொறுப்பு. கார் கிடைக்காவிட்டால் பஸ். பஸ் வராவிட்டால் நடப்போம், எங்களுக்கு அது புதிதா என்ன? இன்னொன்றும் செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். நீ சரி என்று சொன்னால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு, பெயரையெல்லாம் மாற்றி, அனுப்பப் போகிறேன். கூலாயிலோ மாசாயிலோ என்னைப் போல ஒருத்தி இன்றைக்கும் யாரோ ஒருவரிடம் தக் பாயா என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் படிக்கட்டும். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

இன்று காலை திவாவிடம் மெதுவாகச் சொன்னேன், அக்காவுக்குக் கல்யாணம், அக்கா ஈப்போ போவா, நாம பஸ்ல போய்ப் பாக்கலாம் என்று. அழுவான், தட்டை விட்டெறிவான் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு, பேனாவோடு என் முன்னால் வந்து நின்று, "எப்ப?" என்றான். தெரியலடா என்றேன். "எப்ப?" என்றான். இதை எழுதி முடிப்பதற்குள் பதினொரு தடவை கேட்டுவிட்டான். தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும், அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. வாசலில் நிற்கிறான். வந்து நீயே அவனிடம் சொல்.

அம்மா